மண்டபம் முதல் அழகன்குளம் வரை: ஏழு துறை மாணவர்கள், இரண்டு நாள் களப்பணி. எதை அளக்கலாம்?

முகவைக்கரை கேட்டது:

வணக்கம். எங்கள் கல்லூரியிலிருந்து விலங்கியல், வேதியியல், இயற்பியல், புவியியல், வரலாறு, தமிழ், வணிகவியல் என ஏழு துறை முதுகலை மாணவர்கள், துறைக்கு இரண்டு பேர், பிப்ரவரி கடைசி வாரம் இரண்டு நாள் களப்பணிக்குப் போகிறார்கள். மண்டபத்தில் தங்கல், ஒரு வேன் உண்டு.

நம் இராமநாதபுரம் கரையில் ஆய்வுக்குப் பஞ்சமில்லை. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. புதுமடத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் மையம். பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-ல் அகழாய்வு செய்தது. 1947-லேயே தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் மண்டபம் முகாமில் இருக்கிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் இரும்பைத் துருப்பிடிக்க விட்டுப் பார்க்கும் களமும் மண்டபத்தில்தான். ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத துறைகள், எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள்.

மாணவர்கள் பாம்பன் பாலத்தைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஒவ்வொரு துறையும் நம்பத்தக்க ஒரு அளவீட்டோடு வரவேண்டும். பெரிய கருவிகளுக்குப் பணமில்லை. எதை அளக்கலாம், எதற்கு அனுமதி வேண்டும், எங்கே தவறு நடக்கும்? அந்தந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்கடல் எழுதியது:

காலம் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். வாடைக் காற்று ஓய்ந்து கச்சான் காற்று எடுக்கும் முன்பு, பிப்ரவரி மார்ச்சில்தான் வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) ஒருசேர அடங்கிக் கிடக்கும். ஐப்பசி முதல் தை வரை வடகடல் கலங்கல். வைகாசிக்கு மேல் தென்கடல் கொந்தளிப்பு. கலங்கல் தண்ணீரில் விலங்கியல் மாணவருக்கு வேலையில்லை.

தீவுகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் அதற்குள் வரும். ஆய்வுக்காக நுழைய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது. கரையிலும் கவனம்: கடல் அட்டை, கடல் குதிரை, கல் பவளம் எல்லாம் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கரை ஒதுங்கிய செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது என்று வேனில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடியது, மண்டபத்தின் வடகரையில் பூங்கா எல்லைக்கு வெளியே, இடுப்பளவுத் தண்ணீரில் கடல்புல் கணக்கெடுப்பு. கரைக்குச் செங்குத்தாக 50 மீட்டர் நாடா மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு நாடாவிலும் 0, 5, 10 என்று 50 வரை பதினொரு இடத்தில் 50 × 50 செ.மீ. பி.வி.சி. சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். மொத்தம் 33 சட்டம், மூன்று மணி நேர வேலை. குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் புக விடுங்கள், இல்லாவிட்டால் சட்டம் மிதக்கும். பேனா உதவாது. வெள்ளை பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும் போதும்.

தவறு நடப்பது கண்ணளவில். ஒருவர் 40 என்பார், மற்றவர் 65 என்பார். முதல் ஐந்து சட்டத்தை இருவரும் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்பிடட்டும். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசி, மறுபடி பார்த்துவிட்டுத் தொடரட்டும். இரண்டாவது தவறு, மேலே கிடக்கும் பாசியையும் புல்லோடு சேர்த்து எண்ணுவது. பாசிக்குத் தனிக் கட்டம் போடுங்கள். இனம் காண்பது கடினமில்லை: கட்டைவிரல் நகம் போன்ற முட்டை வடிவ இலை ஹாலோஃபிலா ஓவாலிஸ். சேமியா மாதிரி உருண்டையாக நீண்டிருந்தால் சிரிங்கோடியம். பட்டையாக, நுனியில் அரம் போல் பல் இருந்தால் சைமோடோசியா செருலாட்டா. பிடுங்க வேண்டாம், இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். ஒரு சாண் அகலத்தில் புல் உரிந்த நீளத் தடம் தெரிந்தால் அது ஆவுளியா (கடல்பசு) மேய்ந்த தடமாக இருக்கலாம். நீளம், அகலம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கெட்டி அடிச் செருப்புக் கட்டாயம். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். மண்ணில் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும்.

உப்புக்காற்று எழுதியது:

வேதியியலுக்குச் சொல்கிறேன். இந்தக் கரையின் தனிச் சொத்து அதன் காற்றில் உள்ள உப்பு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை நூறாண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தது இடைவிடாத பராமரிப்பு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டதும் இந்தக் காற்றால்தான்.

ஆனால் துரு இரண்டு நாளில் அளக்கிற சங்கதி இல்லை. ஜனவரியிலேயே தகடு மாட்டிவிட்டு, களப்பணியின்போது கழற்றுங்கள். மென் எஃகுத் தகடு 150 × 100 மி.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். தடிமன் 1.5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். காரணம் எளிது: 2 மி.மீ. தகடு சுமார் 236 கிராம் வரும், கல்லூரி ஆய்வகத் தராசு பல 220 கிராமோடு நின்றுவிடும். 1.5 மி.மீ. என்றால் 177 கிராம்தான்.

மாட்டும் முன்பு தேய்த்து, அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, மில்லிகிராம் வரை எடை எடுங்கள். வெறுங்கையால் தொட்டால் விரல் ரேகை இருந்த இடத்தில் முதலில் துரு பிடிக்கும், கையுறை போடுங்கள். எண்ணை மூலையில் உளியால் குத்திவிடுங்கள். மார்க்கர் எழுத்து ஒரு வாரம்கூட நிற்காது. மரச் சட்டத்தில் 45 பாகை சாய்வில், முகம் கடலைப் பார்க்க, பிளாஸ்டிக் வாஷர் வைத்து மாட்டுங்கள். இரும்பு ஆணி நேரடியாகத் தகட்டில் பட்டால் அங்கே தனிக் கணக்காக அரித்துவிடும். இடத்துக்கு மூன்று தகடு. கடலிலிருந்து 50 மீட்டர், 500 மீட்டர், 2 கி.மீ. என்று மூன்று இடம். பூட்டிய வளாகம் அல்லது தெரிந்தவர் மொட்டை மாடி பாருங்கள், வெளியில் வைத்தால் இரும்பு வியாபாரத்துக்குப் போய்விடும்.

கழற்றியதும் துருவைக் கரைக்க வேண்டும். ஆண்டிமனி சேர்த்த கிளார்க் கரைசல் மாணவர் கைக்கு வேண்டாம், நச்சு. 500 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 3.5 கிராம் ஹெக்ஸாமெத்திலீன் டெட்ரமைன், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. அறை வெப்பத்தில் பத்து நிமிடம், மென்தூரிகையால் தேய்த்து, கழுவி, உலர்த்தி, எடை. இதே முறையில் வெளியில் வைக்காத ஒரு தகட்டையும் நனையுங்கள். கரைசல் நல்ல இரும்பையும் கொஞ்சம் தின்னும். அந்த இழப்பைக் கழிக்காமல் விட்டால் கணக்கு முழுக்க ஊதிவிடும்.

கணக்கு: 87.6-ஐ எடை இழப்பு மில்லிகிராமால் பெருக்கி, அடர்த்தி 7.86, பரப்பு சதுர செ.மீ., நேரம் மணி ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்தால் ஆண்டுக்கு எத்தனை மி.மீ. என்று வரும். மேலே சொன்ன தகட்டின் பரப்பு இரு பக்கமும் ஓரமும் சேர்த்து 307.5 சதுர செ.மீ. எடுத்துக்காட்டாக, 30 நாளில், அதாவது 720 மணியில், 4 கிராம் இழந்தால் விடை ஆண்டுக்கு 0.2 மி.மீ. ஓரத்தையும் பின்பக்கத்தையும் மறந்துவிட்டு 150-ஆல் கணக்குப் போட்டால் இருமடங்கு வரும். இந்தப் பிழை மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி நடப்பது.

ஒரு மாத அளவை வைத்து "ஆண்டுக்கு இவ்வளவு அரிக்கும்" என்று முடிவு எழுதாதீர்கள். தொடக்கத்தில் வேகம் கூடுதல், துரு படிந்தபின் குறையும். எந்த ஊர்க் காற்று எவ்வளவு அரிக்கும் என்று பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. வகைப்பாடு ஓராண்டு வெளியில் வைத்த தகட்டுக்குத்தான். மூன்று இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு மாதம் போதும்.

அதே இடங்களில் காற்றின் உப்பையும் பிடிக்கலாம். வெட் கேண்டில் என்பார்கள். கிளிசரின் 200 மி.லி.யோடு காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கிய கரைசலைக் குடுவையில் ஊற்றி, 25 மி.மீ. குழாயில் சுற்றிய பஞ்சுத் துணியின் நுனியை அதில் தோய விடுங்கள். 100 சதுர செ.மீ. துணி காற்றில் தெரியட்டும், மேலே மழை மறைப்பு. முப்பது நாள் கழித்துத் துணியையும் குடுவையையும் அலசி, சில்வர் நைட்ரேட் டைட்ரேஷனில் குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். பயன்படுத்தாத துணி ஒன்றையும் அலசிக் கழியுங்கள், கடைத்துணியில் உப்பு இருக்கும். குடுவை வற்றிப்போனால் அந்த மாத அளவு செல்லாது. வாரம் ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும்.

வைகைமுகம் எழுதியது:

வரலாற்று மாணவருக்கு அழகன்குளமும் பெரியபட்டினமும். அழகன்குளம் வைகை கடலில் சேரும் பக்கத்துச் சங்ககாலத் துறைமுகம். மாநிலத் தொல்லியல் துறை 1986-87 முதல் பல பருவம் தோண்டியது. ரோமானியக் காசு, தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு, கப்பல் கீறிய ஓடு எல்லாம் கிடைத்தன. பெரியபட்டினம் பிற்காலம். அங்கே கிடைத்த சீனப் பீங்கான்தான் பேச்சு, பச்சைப் பளபளப்புள்ள செலடான் உட்பட.

மேற்பரப்பில் கிடக்கும் ஓட்டை எடுத்துவராதீர்கள். அனுமதியில்லாமல் எடுப்பது தவறு. அதற்கு மேல், இடத்தை விட்டுப் பிரிந்த ஓடு எதையும் சொல்லாது. இருந்த இடத்திலேயே பதிவு செய்யுங்கள். நிலத்தில் 5 × 5 மீட்டர் சதுரம் கயிறு கட்டி, உள்ளே தெரியும் ஓடு அத்தனையும் எண்ணுங்கள். வாய் விளிம்பு, அடிப்பகுதி, வெறும் உடல் ஓடு என்று மூன்று பிரிவு. நிறமும் எழுதுங்கள்: சிவப்பு, கறுப்பு-சிவப்பு, சாம்பல். 10 செ.மீ. அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்து, காலை எட்டு மணிக்கு முன்பே, சாய்ந்த வெயிலில் படம். உச்சி வெயிலில் எடுத்தால் மேற்பரப்பு வேலைப்பாடு மறைந்துவிடும்.

ரௌலெட்டட் ஓடு என்று சொல்ல அவசரம் வேண்டாம். மெல்லிய, நன்கு சுட்ட தட்டின் உள் அடியில், மையத்தைச் சுற்றி வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை அழுந்தியிருக்கும். அந்த அடிப்பகுதி இல்லாமல் நிறத்தை வைத்து மட்டும் பெயர் சூட்டக் கூடாது. அதேபோல், பச்சையாகத் தெரிவதெல்லாம் செலடான் ஆகாது. உடைந்த விளிம்பைப் பாருங்கள்: உள்ளே கண்ணாடியாக இருந்தால் அது பாட்டில்.

இன்னொன்று. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, அழகன்குளம் பக்கம்தான். ட்ரோனைக் கல்லூரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முகவைக்கரை:

மிக்க நன்றி. தகடு இந்த வாரமே வெட்டக் கொடுக்கிறோம். புவியியலும் இயற்பியலும் சேர்ந்து கிணற்றுத் தண்ணீர் பார்க்கலாமா? கடலுக்குப் பத்தடி தள்ளி நல்ல தண்ணீர் ஊறுவது எப்படி என்று மாணவர்கள் கேட்டபடி இருக்கிறார்கள்.

நல்லதண்ணி எழுதியது:

தாராளமாக. அந்தத் தண்ணீர் கடலிலிருந்து வடிகட்டி வருவதில்லை, மழைநீர். மணலுக்குள் இறங்கிய மழைநீர் கனம் குறைவென்பதால் உப்புநீர் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் 1.025. இந்தக் கணக்கில், நிலத்தடி நீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 10 செ.மீ. நின்றால் கீழே 4 மீட்டர் வரை நல்ல தண்ணீர் தாங்கும். திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு மட்டத்தை 10 செ.மீ. இறக்கினால் உப்பு 4 மீட்டர் மேலே ஏறும். கையால் இறைத்த காலத்தில் இனித்த ஊற்று, மோட்டார் வைத்தபின் கரிப்பது இதனால்தான்.

இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம், கரையிலிருந்து உள்ளே போகும் ஒரே கோட்டில் ஆறு கிணறு தேர்ந்தெடுங்கள். வீட்டாரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கடைசியாக எப்போது மோட்டார் ஓடியது என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஓடி ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த அளவை மற்றதோடு ஒப்பிட முடியாது.

மின்கடத்துத்திறன் மீட்டரைக் காலையில் 1413 மைக்ரோ சீமென்ஸ் என்று குறித்த தரக் கரைசலில் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 25 பாகைக்குத் தானாகத் திருத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 2 சதவீதம் தள்ளிப்போகும். கிணற்றின் மேல் தண்ணீரை மட்டும் வாளியில் எடுத்தால் பாதி உண்மைதான் வரும். வாய்க்குத் தக்கை, அடியில் எடை, இரண்டு கயிறு கட்டிய பாட்டிலை இறக்கி, வேண்டிய ஆழத்தில் தக்கைக் கயிற்றை மட்டும் சுண்டி இழுங்கள். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்தால் உப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். மைக்ரோ சீமென்ஸ் அளவை 0.64-ஆல் பெருக்கினால் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று ஏறக்குறைய வரும். குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

நீர் மட்டத்தின் உயரத்துக்குக் கைபேசி ஜி.பி.எஸ். பயனில்லை. அதன் பிழையே சில மீட்டர், நாம் தேடுவதோ சென்டிமீட்டர். கொத்தனார் பிடிக்கும் தண்ணீர் நிரப்பிய தெளிந்த ட்யூப் இருபது மீட்டர் வாங்குங்கள். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் மட்டம் பொய் சொல்லும். கடற்கரையிலிருந்து கிணறு கிணறாக மட்டத்தைக் கடத்தி, அதே வழியில் திரும்பி வந்து தொடங்கிய இடத்தில் முடியுங்கள். தொடக்க அளவுக்கும் முடிவு அளவுக்கும் வித்தியாசம் 2 செ.மீ.க்குள் வந்தால் ஏற்கலாம். கடல் மட்டமும் நகர்வதால் இயற்பியல் மாணவர் ஒருவர் படகுத்துறையில் செ.மீ. குறித்த கம்பு நட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) எழுதட்டும். கம்பைச் சுற்றி ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய் வைத்தால் அலை ஆட்டம் அடங்கும்.

சொல்வலை எழுதியது:

தமிழ்த்துறைக்கு: காற்றின் பெயர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம், இவற்றுக்கு அகராதி ஒரு திசை சொல்லும். ஊருக்கு ஊர் கை நீட்டும் பக்கம் விலகும். "கச்சான்னா எந்தப் பக்கம்?" என்று கேட்டு "மேக்க" என்று எழுதிக்கொண்டு வரக் கூடாது. "எங்கேருந்து வரும், கையைக் காட்டுங்கண்ணே" என்று கேட்டு, கை காட்டிய திசையைத் திசைகாட்டியில் பாகையாக எழுதுங்கள். கைபேசித் திசைகாட்டி என்றால் படகு எஞ்சின், இரும்பு நங்கூரத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நில்லுங்கள். வடகடல் ஊர் ஒன்று, தென்கடல் ஊர் ஒன்று, ஊருக்கு ஐந்து பேர் போதும். நீவாட்டின் (கடல் நீரோட்டத்தின்) பெயர்களையும் அதே வழியில் கேளுங்கள். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் பருவத்துக்குத் திசை மாறுவதால் பெயரோடு மாதத்தையும் கேட்காவிட்டால் பயனில்லை.

முறை சொல்லி அழைப்பதில்தான் பேச்சுத் திறக்கும். பெரியவரை ஐயா, நடுவயதினரை அண்ணே. கீழக்கரையில் முஸ்லிம் வீடுகளில் காக்கா, லாத்தா. "சார்" என்றால் அவர்களும் உடனே பள்ளிக்கூடத் தமிழுக்கு மாறிவிடுவார்கள், தேடிப்போன சொல் ஒளிந்துகொள்ளும். ஒலிப்பதிவுக்கு முன்பு சம்மதம் கேட்டு அதையும் பதிவுக்குள் வையுங்கள். கரையில் நின்று பதிவு செய்தால் காற்றிரைச்சல்தான் விழும், வலைக் கொட்டகைக்குள் உட்காருங்கள். கரைக்கு வந்ததும் மீன் பிரிக்கும் நேரத்தில் யாரையும் இழுக்காதீர்கள், வலை பின்னும் மத்தியானம் நல்ல நேரம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் இன்னொருமுறை வந்தால் ஆற அமரக் கேட்கலாம்.

பாசிக்கயிறு எழுதியது:

வணிகவியலுக்கு, கடல்பாசி வளர்க்கும் மிதவை ஒன்றின் கணக்கு. 12 × 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி: மொத்தம் 60 கிலோ. 45 நாளில் நன்றாக வளர்ந்தால் 240 கிலோ. அடுத்த விதைக்கு 60 எடுத்து வைத்தால் 180 மிச்சம். காய்ந்தால் பத்தில் ஒன்று, 18 கிலோ. மாணவர்கள் 240-ஐக் காய்ந்த விலையால் பெருக்கி லாபம் காட்டுவது வழக்கமான பிழை. மூங்கில், கயிறு, அடிவலை, நங்கூரம் ஆகியவற்றின் தேய்மானம், கட்டும் பெண்களின் நாள்கூலி, காற்றில் உடையும் மிதவை, அடிவலை கிழிந்தால் ஓரா மீன் தின்பது எல்லாம் கணக்கில் வரவேண்டும். வீட்டு ஆள் உழைப்பைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அக்காமாரிடம் "மாசம் எவ்வளவு வருது?" என்று கேட்டால் சரியான விடை வராது. போன அறுவடையில் எத்தனை மிதவை, எத்தனை கிலோ, எத்தனை நாள் என்று கேட்டால் நினைவிலிருந்து துல்லியமாகச் சொல்வார்கள்.

தென்கடல்:

பாசிக்கயிறு சொன்ன கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. இது பெப்சி பாசி என்று ஊரில் சொல்லும் கப்பாஃபைகஸ், வெளியிலிருந்து வந்த இனம். குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பது 2008-லேயே ஆய்வில் வெளியானது. செலவுப் பட்டியலில் பணமாக எழுத முடியாவிட்டாலும் அறிக்கையில் எழுத வேண்டும்.

பாசிக்கயிறு:

ஒத்துக்கொள்கிறேன். கடலில் இறங்கி இயற்கைப் பாசி எடுக்கும் பெண்களிடமும் கேட்டு, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசிக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். அவர்களுக்கு விதைச் செலவில்லை, ஆனால் நாள் கணக்கு வேறு.

உப்புக்காற்று:

கடைசியாக ஒன்று, இதற்கு மேல் தாமதிக்கக் கூடாததால். ஏழு துறையும் ஒரே தாளில் நான்கு கட்டம் கட்டாயம் நிரப்பட்டும்: தேதி, 24 மணி நேரக் கணக்கில் நேரம், தசமப் பாகையில் ஐந்து இலக்கம் வரை இடம், அப்போது அடித்த காற்றின் திசை பாகையில். எல்லாக் கைபேசியிலும் இடத்தைத் தசமப் பாகைக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஒருவர் பாகை-நிமிடம்-விநாடியிலும் மற்றவர் தசமத்திலும் எழுதினால், வரைபடத்தில் கிணறு கடலுக்குள் போய் விழும். சொல்வலை கேட்கச் சொன்ன கச்சான், வாடைத் திசைகளை என் குடுவையில் சேரும் உப்போடு வைத்துப் பார்க்க எனக்கே ஆசை. எந்த மாதம் எந்தக் கரையில் உப்பு கூடும் என்று வலைக்காரர்கள் சொல்வதும் டைட்ரேஷன் சொல்வதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு மாதக் குடுவை போதாது. களப்பணியின்போது கழற்றும் இடத்திலேயே புதுக் குடுவை ஒன்றை வைத்துவிட்டு, ஜூலையில் கச்சான் முழுவீச்சில் அடிக்கும்போது இன்னொரு முப்பது நாள் பிடியுங்கள். முதல் தகடு ஜனவரி 25-க்குள் ஏறிவிட வேண்டும்.